ஜன்னலை மறைத்த அலமாரி

அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் அவருக்கு அகராதிக்காரர் என்று பெயர். தபால் கொண்டு வருகிறவர் முதல் தண்ணீர் மோட்டார் போடுகிறவர் வரை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய மனைவியின் தங்கை மட்டும் அதைச் சுருக்கி 'அகராதி' என்பாள். அவள் சொல்கிற தொனியில் அவர் செய்யும் வேலையைவிட அவருடைய குணம்தான் அதிகம் கேட்கும். அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லுக்கு எத்தனை பொருள் இருந்தாலும் எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்கிற மனிதர் அவர்.

வேலை அகராதி அலுவலகத்தில். கடல் கடந்து வந்து தமிழில் தங்கிவிட்ட சொற்களின் பூர்வீகத்தைத் தேடும் பிரிவு. அங்கே ஒரு சொல் ஒருவர் கைக்கு வந்துவிட்டால் அவர்தான் அதற்கு அப்பா. அது எங்கே பிறந்தது, யார் யார் வீட்டில் வளர்ந்தது, வழியில் என்னென்ன வேஷம் போட்டது என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதி முடித்து அச்சுக்கு அனுப்பும் நாளில், "பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு" என்று சொல்லி எல்லார் மேசைக்கும் இனிப்பு வைப்பார்கள். அவர் சாவியைக் கட்டிக் கொடுத்தார். மேசையைக் கட்டிக் கொடுத்தார். அலமாரியையும் சீக்கிரமே அனுப்பிவைத்தார். ஜன்னல்தான் வீட்டோடு தங்கிவிட்டது.

தங்கியது என்றால் சும்மா தங்கவில்லை. அவருடைய வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

நடந்தது இதுதான். ஒரு மழைக்காலத்தில் அலுவலகக் கூரை ஒழுகியது. ஒவ்வொரு சொல்லுக்கும் சேர்த்த குறிப்பு அட்டைகள் நனையாமல் இருக்க, அவரவர் சொல்லை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். இவர் ஜன்னலின் அட்டைகளை அவற்றின் அலமாரியோடு கொண்டு வந்தார். நீளமான மர அலமாரி, இழுப்பறை மேல் இழுப்பறை. மூன்றாம் மாடியில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் அதைச் சாய்த்து வைக்கப் பின்னறையின் ஒரு சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரில்தான் பின்னறையின் ஒரே ஜன்னலும் இருந்தது. அதன் அருகில் மனைவியின் தையல் இயந்திரம்.

அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவள். பகல் வெளிச்சத்தில்தான் நூலின் நிறம் சரியாகத் தெரியும் என்று இயந்திரத்தை அங்கே போட்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, கட்டிடத்தின் பின்பக்கம், ஒரு விளையாட்டு மைதானம், அதன் ஓரத்தில் ஒரு பெரிய மரம். அப்போது மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்கு அந்த மரத்தடிதான் வீடு.

"எவ்வளவு நாளைக்குங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ஜன்னல் முடியுற வரைக்கும்தான். ரெண்டு மாசம்."

அலுவலகத்தின் கூரையைச் சரிசெய்துவிட்டார்கள். அட்டைகளைத் திருப்பிக் கொண்டு போயிருக்கலாம். ஆனால் அலமாரியை அசைத்தால் அடுக்கு கலையும், அடுக்கு கலைந்தால் ஆறு மாத வேலை போகும், இதோ முடிந்துவிடும் என்று அவர் தள்ளிப்போட்டார். அலுவலகமும் ஒன்றும் பறந்துகொண்டிருக்கவில்லை. மனைவி முதல் வருடம் மாதத்துக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு விசேஷ நாட்களில் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அறையில் டியூப் லைட் ஒன்று கூடுதலாக மாட்டிக் கொடுத்தார். அதைப் பெரிய உபகாரம் என்று வேறு நினைத்துக்கொண்டார்.

அப்படி என்னதான் முடியவில்லை என்று கேட்பீர்கள். ஜன்னல் என்ற சொல்லின் வழி நேரானதுதான். லத்தீனில் கதவுக்கு இயானுவா என்று ஒரு பெயர். அதைச் செல்லமாகச் சுருக்கினால் குட்டிக் கதவு. அந்தக் குட்டிக் கதவு போர்த்துகீசியர் வாயில் ஜனேலா ஆகி, கப்பலேறி, நம்மிடம் வந்து ஜன்னலானது. மலாய்க்காரரிடம் ஜெண்டேலா, வங்காளியிடம் ஜானாலா. அதே கப்பலில்தான் அலமாரியும் வந்தது, ஆயுதம் வைக்கிற இடம் என்று லத்தீனில் பிறந்த சொல். ஒரே கப்பலில் வந்த இருவரில் ஒருவர் மற்றவரின் முகத்தை மறைத்துக்கொண்டு தன் வீட்டில் நிற்கிறார் என்பது அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியபோது சிரித்தார். அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்கவும் வைத்தார்.

அவருடைய ஆசை இத்தோடு நிற்கவில்லை. மற்றவர்கள் ஜன்னலை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். ஸ்பானியர் காற்றை வைத்து வெந்தானா என்றார்கள். மூக்குத் துவாரத்துக்கும் அவர்களிடம் அதே பெயர்தான். ஆங்கிலேயரின் சொல்லைப் பிரித்தால் காற்றின் கண். ரஷ்யரின் சொல்லிலும் கண் இருக்கிறது. பழந்தமிழில் காலதர், காற்று வரும் வழி. பலகணியில் பல கண்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்காத மனிதர்கள் சுவரில் ஓட்டை போட்டுவிட்டு, காற்று என்றும் கண் என்றும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். பின்னறையில் காற்றும் இல்லாமல் கண்ணுக்கு எட்டிய காட்சியும் இல்லாமல் அவள் தைத்துக்கொண்டிருப்பாள். இயந்திரச் சத்தத்தில் அவர் சொல்வது பாதிதான் அவள் காதில் விழும்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒன்று மட்டும் இடித்தது. பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் ருமேனியரும் ஜெர்மானியரும்கூட ஜன்னலுக்கு வைத்திருக்கும் பெயர்கள் லத்தீனின் ஃபெனெஸ்திரா என்ற சொல்லிலிருந்து வந்தவை. அந்த ஃபெனெஸ்திரா எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எத்ருஸ்கர் என்ற பழைய மக்களிடமிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அவர்களோ தங்கள் மொழியின் பெரும்பகுதியைத் தங்களோடு மண்ணுக்குள் கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு வரிக்காக அவர் ஊர் ஊராக எழுதிக் கேட்டார். பதில் வரும், அதிலிருந்து இன்னொரு சந்தேகம் பிறக்கும், அது ஒரு இழுப்பறையில் போய் உட்காரும். பழைய தலைமைப் பதிப்பாசிரியர் ஓய்வு பெறும் நாளில்கூட அவரைப் பிடித்து, "நம்ம பொண்ணு பேரு ஜன்னல். பக்கத்து வீட்டுப் பொண்ணோட பூர்வீகம் உமக்கு எதுக்கய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எழுதுகிற பொருளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மற்றவர்கள் வீட்டு ஜன்னல்களைப் பார்க்கப் போவார். கம்பி, கொக்கி, கதவு, மேல்கதவு, விளிம்புத் திண்டு, எதற்கு என்ன பெயர் என்று விசாரிப்பார். ஒரு பழைய வீட்டில் ஓர் அம்மாள் சமையலறை ஜன்னலை அவருக்குத் திறந்து காட்டிவிட்டு, "உங்க வீட்ல காத்து நல்லா வருமா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். "வரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் கொக்கியை அளந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அது பொய் என்று உறைத்தது. உறைத்ததே தவிர, அலமாரி நகரவில்லை.

மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்குப் போனாள். அதன் பிறகு அந்த மைதானப் பக்கம் போக வீட்டில் யாருக்கும் வேலை இருக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் மனைவி ஒரு ரவிக்கைக்குக் கை மாற்றித் தைத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. பிறகு கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பிறகு இன்னொரு முறை இடித்துக்கொண்டாள்.

கண் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம். பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டு வருகிறது. போனது போனதுதான், திரும்பாது. சின்ன ஆபரேஷனும் சொட்டு மருந்தும் இருந்தால், இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம்.

"எவ்வளவு காலம் டாக்டர்?"

"அதச் சொல்ல முடியாது சார். சிலருக்கு நல்லாவே நிக்கும். சிலருக்கு நிக்காது."

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இவ ரொம்ப வருஷமா வெளிச்சம் கம்மியான ரூம்ல தெச்சுக்கிட்டிருந்தா. அதனாலயா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இது வர்றவங்களுக்கு வரும்."

அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நோய்க்கு அவர் காரணமில்லை, சரி. ஆனால் அவளுக்குக் கண் முழுசாக இருந்த காலத்தில் பார்ப்பதற்கு என்ன கொடுத்தார்? ஓர் அலமாரியின் முதுகைக்கூட இல்லை, அதன் இழுப்பறைகளை. வெளியே வரும்போது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, டாக்டர்கிட்ட எதுக்கு அதெல்லாம் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த தங்கை வீட்டில் அவளைக் கொஞ்ச நாள் தங்கவைத்தார்கள். அவள் திரும்பி வருவதற்குள் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவள் கண்ணில் மிச்சம் இருக்கும்போதே அந்த மைதானத்தையும் மரத்தையும் அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இத்தனை வருடத்துக்கு அது ஈடாகாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் வேறு எதுவும் அவர் கையில் இல்லை.

மறுநாள் கடைசி அட்டையை அலுவலகத்துக்குக் கொண்டு போய், ஃபெனெஸ்திராவுக்கு நேரே 'மூலம் தெரியவில்லை' என்று எழுதினார். இரண்டே சொல். எழுத மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இதை மகளுக்கு எட்டு வயதிலேயே எழுதியிருக்கலாம். அப்போதும் மூலம் இதே அளவுக்குத்தான் தெரியாமல் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

இப்போதைய தலைமைப் பதிப்பாசிரியர் அவரைவிட வயதில் சின்ன ஒரு பெண். அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"என்ன சார், உங்க பொண்ணுக்கு ஒரு வழியா வரன் அமைஞ்சிடுச்சா? எங்க இனிப்பு?"

"இனிப்பெல்லாம் வேணாம் மேடம். அலமாரிய எடுத்துட்டு வர ஒரு வண்டி மட்டும் அனுப்புங்க."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் மேலே கிண்டல் செய்யவில்லை.

வண்டிக்காரர் இன்னொரு ஆளோடு வந்தார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். "என்ன சார் இது, காகிதம் இந்தக் கனம் கனக்குது? உள்ள என்ன இருக்கு?" என்றார் வண்டிக்காரர்.

"ஜன்னல்."

வண்டிக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த இழுப்பறையைத் தூக்கினார்.

வெற்று அலமாரியை நகர்த்தியதும் ஒட்டடையும் தூசியுமாகச் சுவர் தெரிந்தது. ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்தே கிடந்தன. அவற்றைச் சாத்தக்கூடச் செய்யாமல் அன்றைக்கு அவசரத்தில் அலமாரியைச் சாய்த்திருக்கிறார்கள். கம்பிகளில் துரு. நடுக் கம்பியில் ஒரு துணித் துண்டு கட்டியிருந்தது. வெளியே தொங்கிய பக்கம் வெளுத்து நைந்திருந்தது. முடிச்சுக்குள் மட்டும் இன்னும் சிவப்பு இருந்தது.

வண்டி போன பிறகு அவர் தூசி தட்டினார், கம்பியைத் தேய்த்தார், தரையைக் கழுவினார். துணியை மட்டும் அவிழ்க்கவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"ஜன்னல்ல ஒரு துணி கட்டியிருக்கே, அது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

மகள் திருப்பிக் கேட்டாள். "அலமாரிய எடுத்துட்டீங்களாப்பா?"

"எடுத்துட்டேன்."

"அது அம்மாவோட சிவப்புத் துணி. மூணாவது மாடியிலிருந்து கத்தினா கேக்காதுல்ல? அதான், துணி கட்டினா நான் வெளயாட்ட விட்டுட்டு மேல வரணும். வந்ததும் அவுத்துடுவாங்க."

"எனக்கு இது தெரியாதே."

"நீங்க அந்த நேரத்துக்கு வீட்ல இருந்ததில்லப்பா." அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். பிறகு லேசாகச் சிரித்தாள். "அன்னிக்கு அம்மா துணி கட்டி, நான் மேல வந்து பாத்தா அலமாரி வந்து நிக்குது. அவுக்க முடியல. அடுத்த நாள் கீழ நின்னு பாத்தா துணி கட்டியே இருக்கு. கூப்பிடுறாங்கன்னு மேல ஓடி வந்தேன். அம்மா கூப்பிடலன்னாங்க. திரும்பக் கீழ போனா, துணி அப்படியே இருக்கு. திரும்ப ஏறி வந்தேன். எத்தன தடவ கூப்டியாம்மா, கூப்டியாம்மான்னு கேட்டிருப்பேன். கடைசியில அம்மா அழுதுட்டாங்க. இனிமே ஜன்னலப் பாக்காத கண்ணு, நானே எறங்கி வர்றேன்னாங்க."

அவர் போனை வைத்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் முக்காலியில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் அந்த முக்காலியில் உட்கார்ந்ததே இல்லை. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் இது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று விடாமல் துருவுகிற மனிதர், ஜன்னல் உனக்கு எதற்கு என்று தன் மனைவியிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. வெளிச்சத்துக்காகக் கேட்கிறாள் என்று தானே பொருள் எழுதி முடித்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து தங்கை, அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். படியேறும்போதே அவளுடைய குரல் கேட்டது. "அக்கா, பாத்து வா. உன் வீட்டுக்காரரு ஏதோ பண்ணி வச்சிருக்காராம். போன்லயே குரலு ஒரு மாதிரி இருந்துச்சு."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மனைவி நேரே பின்னறைக்குப் போனாள். நிலைப்படியில் நின்றாள். சாயங்கால வெயில் உள்ளே வந்து இயந்திரத்தின் மேல் விழுந்திருந்தது. திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்து அவள் முந்தானையை அசைத்தது.

தங்கை மூக்கில் விரல் வைத்தாள். "அடேயப்பா. மாமா, நெஜமாவே எடுத்துட்டீங்களா? உங்க அகராதி முடிஞ்சிடுச்சா?"

"முடிச்சுட்டேன்" என்றார்.

மனைவி போய் முக்காலியில் உட்கார்ந்தாள். நடுக் கம்பியைத் தடவினாள். துணியின் முடிச்சில் விரல் பட்டதும் அங்கேயே நின்றது. பிறகு வெளியே பார்த்தாள். மருந்து விட்ட கண் சிவந்திருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையை மெல்ல இடது பக்கம் திருப்பினாள். கொஞ்சம் முன்னால் குனிந்தாள். மறுபடியும் திருப்பினாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

"என்னம்மா?" என்றார் அவர்.

"மரம் தெரியலைங்க." அவள் குரல் அடங்கியிருந்தது. "அந்தப் பக்கமும் போயிடுச்சு போல. போன வாரம் டாக்டர் நல்லா இருக்குன்னுதானே சொன்னாரு."

அவர் ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார். துரு தேய்த்தார், தரை கழுவினார், காலையிலிருந்து பத்து தடவை இந்த ஜன்னலுக்கு வந்து போனார், மரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மைதானத்தின் ஓரத்தில் மதில்சுவர் மட்டும் நீளமாக ஓடியது. மரம் நின்ற இடத்தில் புல் முளைத்து, ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. அடிக்கட்டைகூட இல்லை.

"உன் கண்ணு இல்லம்மா. மரமே இல்ல. வெட்டிட்டாங்க."

"நெஜமாவா?" அவள் தங்கையைப் பார்த்தாள்.

"ஆமாக்கா, அங்க மரமே இல்ல. எனக்கும் தெரியல" என்றாள் தங்கை.

மனைவி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். கண் போகவில்லை என்ற நிம்மதியில் ஒரு கணம் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஏதோ நினைவு வந்து அவள் முகம் மாறியது.

"அப்ப அதுதானா அது" என்றாள். "ஒரு நாள் பூரா ரம்பம் அறுக்குற சத்தம் கேட்டுச்சு. அலமாரிக்குப் பின்னாலருந்து. யாரு வீட்லயோ மரவேலை போலருக்குன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்குத் தெச்சுக்கிட்டிருந்தேன்."

"எப்ப?" என்று கேட்டார் அவர். அது அவருடைய தொழிலில் ஊறிய கேள்வி. எதைச் சொன்னாலும் முதலில் எப்போது என்று கேட்கிற வாய்.

அவள் யோசித்தாள். கைவிரல்களை மடக்கினாள், விரித்தாள். "தெரியலைங்க" என்றாள்.

தங்கை தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்ருஸ்கர்கள் மண்ணுக்குள் கொண்டு போனதற்கு அவர் பொறுப்பில்லை. இந்த மரமோ அவர் காலத்திலேயே, அவர் வீட்டுச் சுவருக்கு வெளியே, அவர் மனைவியின் காதில் கேட்கக் கேட்கப் போனது.

"விடுங்க" என்றாள் மனைவி. மேசை இழுப்பறையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து அவரிடம் நீட்டினாள். "இதக் கோத்துக் குடுங்க. அந்த ரவிக்கையப் பிரிச்சுத் தெக்கணும், அவங்க ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாங்க. வெளிச்சம் இருக்குறப்பவே கோத்துடுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஊசியைத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் அவருக்கு ஊசியின் காது தெரியவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் கையை நீட்டியபடி காத்திருந்தாள்.